குடுவையா, மணியா

ஜூன் 3, செவ்வாய்
உலர்தாவரக் காப்பகத்தில் இன்று நான் மட்டும். பூக் கையேட்டின் இரண்டாம் பதிப்புக்காக நான் எழுதிய பழைய விவரிப்புகளைச் சரிபார்க்கிறேன். பூவின் வாய் விரிந்தால் மணி வடிவம். கழுத்து ஒடுங்கினால் குடுவை வடிவம். காலையிலிருந்து நான் பேசியது ஒரே வாக்கியம், காவலாளியிடம்: "இந்தாங்க சாவி."

ஜூன் 5, வியாழன்
எண்பத்தேழாம் பக்கத்துப் பூவின் உலர்ந்த மாதிரி தாளோடு தாளாகத் தட்டையாகிவிட்டது. வெந்நீரில் ஊறவைத்தேன். கால் மணி நேரத்தில் உப்பியது. கழுத்து ஒடுங்கியிருக்கிறது. நான் எழுதியிருப்பதோ மணி. இன்னொன்றை ஊறவைத்தேன். அதுவும் குடுவைதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி, முதல் பதிப்புக்குப் படம் போட்ட ஓவியர் இதைக் குடுவையாத்தானே வரைஞ்சா? "இவளுக்குக் கண்ணு சரியில்ல"ன்னு எல்லார் எதிர்லயும் சொன்னது நான்தானே? அவள் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். மாற்றி வரைந்து கொடுத்தாள். அடுத்த மாதம் வேலையை விட்டாள். பதினோரு வருடம் என் எதிர் மேசையில் இருந்து, ஓயாமல் "அக்கா, அக்கா" என்று பேசியவள்.

ஜூன் 6, வெள்ளி
காப்பகத் தலைவரிடம் தப்பைச் சொன்னேன். "யாராவது கேட்டாங்களா? வேலியில போற ஓணானை எதுக்கு மடியில விட்டுக்கிறீங்க?" என்றார். அவரிடமே திருத்தத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு
அவள் எண் என்னிடம் இருக்கிறது. அழைக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்
அழைத்தேன்.
"நான்தான்."
"குரல் தெரியுது."
"அந்தப் பூ குடுவைதான். நான் எழுதினது தப்பு."
"அது எனக்கு அன்னைக்கே தெரியும். பூவைத் தப்பா சொன்னதுக்கா நான் போனேன்?"
வைத்துவிட்டாள்.
பூவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவளிடம் கேட்கவில்லை.

ஜூன் 11, புதன்
அவள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. கதவைப் பாதிதான் திறந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "எல்லார் முன்னாடியும் உங்கள அசிங்கப்படுத்திட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.
உள்ளே கூப்பிடவில்லை. பிறகு, "புதுசா யார் வரையறாங்க?" என்று கேட்டாள்.
"இன்னும் யாருமில்ல."
"திங்கக்கிழம வந்து பாக்கறேன். பூவுக்காகத்தான்."

ஜூன் 16, திங்கள்
வந்தாள். மூன்று மணி நேரம் வரைந்தாள். "வெளிச்சத்த மறைக்காதீங்க." அவ்வளவுதான் பேச்சு. நான் வைத்த தேநீர் ஆறிப்போனது.

ஜூன் 24, செவ்வாய்
காப்பகத்தில் அவளிடம் இன்னும் நாலு படம் கேட்டிருக்கிறார்கள். பென்சிலைச் சீவிக்கொண்டே, "அக்கா, என் மருமக பண்ணின கூத்தக் கேளுங்க" என்று ஆரம்பித்தாள். மதியம் வரை ஓயவில்லை. இன்று நான் ஒரு பக்கம்கூட முடிக்கவில்லை.