மைமூனின் வெற்றுத்தாள்

நவ. 12, புதன்

விடாத தூறல். குடையை பஸ்ஸிலேயே மறந்துவிட்டேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரை வந்து சேர்வதற்குள் தொப்பலாக நனைந்தாயிற்று.

எழுத்தறிவு மையத்தில் இன்று ஏழு பெண்கள். பதிவேட்டில் இருபது. ஞாயிறு அரசுத் தேர்வு. மேற்பார்வையாளர் வந்தார்.

"எல்லாரும் பாஸாகணும்ங்க. ஆகலேன்னா மையம் சரியில்லன்னு மூடிடுவாங்க."

"பாஸானா?"

"அப்புறம் எதுக்குங்க மையம்? அதான் எழுதப் படிக்க வந்துடுச்சே. நிதி வேற வார்டுக்குப் போயிடும்."

இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு, டீ கிடைக்குமா என்றார்.

நவ. 13, வியாழன்

வாங்க வேண்டியவை: சாக்பீஸ், ரவை, இவருக்கு பி.பி. மாத்திரை.

மைமூன் முதல் ஆளாக வந்தார். கணவர் சவூதியில், இவர் மாமியாருடன். ஜூனில் பென்சில் பிடிக்கத் தெரியாது. இன்று செய்தித்தாளில் அரைப் பக்கம், திக்காமல்.

"மாமி என்னைத் தனியா அனுப்புற ஒரே இடம் இதுதான் டீச்சர். பரீட்சை முடிஞ்சும் கிளாஸ் இருக்கும்ல?"

பாஸானால் இருக்காது என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

வீட்டில் இவர்: "சம்பளமில்லாத வேலை. அதுக்கு ஏன் மண்டைய உடைச்சுக்கற? கையெழுத்தப் போட்டுட்டு வா."

நவ. 16, ஞாயிறு

தேர்வு. மழை இல்லை, புழுக்கம். வந்தது பதினோரு பேர். கண்ணாடி கொண்டுவராத ஒருவருக்கு என்னுடையதைக் கொடுத்தேன்.

மைமூன் மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்தார். தாளில் ஓர் எழுத்து இல்லை.

"என்னங்க இது? உங்களுக்கு எல்லாம் தெரியுமே!"

"தெரியும் டீச்சர்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெயிலானா இன்னொரு வருஷம் வரலாம்ல?"

எல்லோரும் போன பிறகு மேற்பார்வையாளர், "வராதவங்களுக்கும் வெத்துத் தாளுக்கும் நீங்களே எழுதிடுங்க. எண்ணிக்கை குறைஞ்சா மத்தவங்க தாளும் செல்லாது" என்றார்.

உண்மையாக எழுதிய பத்துப் பேர். அவர்கள் தாள் வீணாகக் கூடாது. வராத ஒன்பது பேருக்கும் எழுதினேன். இரண்டு தாள் இடது கையால். கை இன்னும் வலிக்கிறது. மைமூன் தாளை மட்டும் தொடவில்லை. அப்படியே விடைத்தாள் கட்டுக்குள் வைத்தேன்.

டிச. 5, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. இருபதுக்கு இருபது. மைமூனும் பாஸ். அந்தத் தாளை யார் எழுதியது? "விடுங்க மேடம், நல்லதுதானே" என்றார் மேற்பார்வையாளர். மையம் மூடியாயிற்று; இடம் கொடுத்த பள்ளிக்கூடத்தில் அறைச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

சான்றிதழ் கொடுத்தோம். கைதட்டல், லட்டு. மைமூன் லட்டை எடுக்கவில்லை. சான்றிதழையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எம் பேரு தப்பா இருக்கு. நெடில் 'மூ' வரணும். குறில் போட்டிருக்காங்க."

ஆமாம். மைமுன்.

"அப்ப இது நான் இல்லைல்ல? திரும்பப் பரீட்சை வைக்கச் சொல்லுங்களேன்."

அங்கேயே மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டேன். பெயரை மட்டும் திருத்தித் தருவார்களாம்.