பேச்சி கிழிக்காத தாள்

மட்டாஞ்சேரி
22-11-1986

சிரஞ்சீவி சீதாலக்ஷ்மிக்கு அம்மாவின் ஆசிகள்.

இங்கே இருவரும் சுகம். அப்பாவின் மூட்டுவலி குறைந்துவிட்டது. தனியாகப் படகேறி எறணாகுளம் பிராட்வே வரை போய் வருகிறார். கான்பூரில் குளிர் தொடங்கியிருக்கும். பச்சை ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்.

எங்கள் கல்லூரிக் கணினி மன்றத்துக்கு நீ எழுதி அனுப்பிய திட்டங்களின் பட்டியல் ஆகஸ்டிலேயே கிடைத்தது. நூலகப் பட்டியல், தேர்வு முடிவு, வினாடி வினா என்று ஒன்பது இருந்தன. வகுப்பில் வாசித்தேன். வைத்தீஸ்வரன் நூலகம்தான் வேண்டும் என்றான். பின் பெஞ்சிலிருந்து மாடத்தி எழுந்து, "புஸ்தகம் எங்கயும் போயிராது டீச்சர், வெள்ளம்லா வீட்டுக்குள்ள வருது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் உட்காரவில்லை.

படகுத்துறைக்குப் பின்னால் அவர்கள் சந்து. விருச்சிக மாதம் நெருங்கினால் வேலியேற்றத்தில், கடல் பெருகும்போது, காயல் தண்ணீர் விடியுமுன் படியேறி வந்துவிடும். அவள் அம்மா பேச்சி இஞ்சிக் கிடங்கில் வேலை செய்கிறாள். தினத்தாள் காலண்டரில், தண்ணீர் வந்த மணியையும் வடிந்த மணியையும் எத்தனையாவது படி என்பதையும் மூன்று வருடமாகக் குறித்து, கிழித்த தாள்களைக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறாள். அதை வைத்து அடுத்த வெள்ளம் எப்போது என்று கணினி சொல்ல வேண்டும், இதுதான் மாடத்தியின் திட்டம். நடக்காது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் சம்மதித்தேன்.

இதற்கிடையில் பிரின்சிபால் ஒரு கெடு வைத்தார். நவம்பர் இருபதுக்குள் உபயோகமாக எதையாவது காட்டாவிட்டால் கணினி ஆபீசுக்குப் போகும், ஹால் டிக்கெட் அடிக்க. இருப்பதே ஒன்று. அது போனால் மன்றமும் போயிற்று.

நவம்பர் மூன்றாம் தேதி விடியுமுன் வெள்ளம் என்று எங்கள் புரோகிராம் சொன்னது. பேச்சி அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினாள். தண்ணீர் வரவில்லை. மூட்டையை இறக்கினாள். நான்காம் தேதி வந்தது. பாதி மூட்டை நனைந்தது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "டீச்சரே, கம்ப்யூட்டருக்கு வாவு அறியில்லா" என்றார். அமாவாசை எப்போது என்று அதற்கு எங்கே தெரியும் என்கிறார்.

மூன்று நாள் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தோம். பிழை இல்லை. கணினி அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குமுன் பேச்சியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒரு காலை ஏழு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். கோபித்துக்கொள்ளவில்லை, பால் இல்லாத கட்டஞ்சாயா கொடுத்தாள். சுவரில் முந்தின நாள் தாளே தொங்கியது. சும்மா இருக்காமல் நான் கிழிக்கக் கை நீட்டினேன். "ஐயோ, விடுங்க டீச்சர். சாமி படத்துக்குக் கீழ உள்ள தாள்லா, குளிக்காம தொடமாட்டேன்" என்றாள்.

கையை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் வருவது மூன்று மணிக்கு, நான்கு மணிக்கு. அப்போது சுவரில் இருப்பது நேற்றைய தாள். அவள் குறித்ததும் அதில்தான். மூன்று வருடக் குறிப்பும் ஒரு நாள் முந்தி நிற்கிறது. உன் அப்பாவும் குளித்த பிறகுதான் தாள் கிழிப்பார். இருபத்தைந்து வருடம் அதைப் பார்த்தவளுக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

மணி ஆறுக்கு முன்னால் என்றால் ஒரு நாள் கூட்டு என்று ஒரு வரி சேர்த்தோம். பதினெட்டாம் தேதி, நான்கு மணி, மூன்றாம் படி என்று வந்தது. தாளில் எழுதி பிரின்சிபாலிடம் முன்கூட்டியே கொடுத்தேன். பியூன் அப்புவின் வீடும் அதே சந்துதான். அன்று காலை கணுக்கால் வரை சேற்றோடு நேராக அவர் அறைக்குப் போய், "சாரே, ஆ குந்தம் பறஞ்ஞ நேரத்துத் தன்னெ வெள்ளம் கேறி" என்றானாம். அந்தக் குந்தம், அந்த இழவு, எங்கள் கணினிதான்; அது சொன்ன நேரத்துக்கே தண்ணீர் ஏறிவிட்டதாம். மாடத்தி முன்னாலேயே சொல்லி வைத்ததால் சந்தில் அன்று யார் வீட்டு அரிசியும் நனையவில்லை. சாவி இப்போது என் கைப்பையில் இருக்கிறது.

நீ கணினி படிக்கக் கான்பூர் போகிறேன் என்றபோது, டைப் அடிக்கக் கற்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டேன். இப்போது நான் இரண்டு விரலால் டைப் அடிக்கிறேன். பிள்ளைகள் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

அடுத்து எந்தத் தேதியைப் போட்டுப் பார்ப்பது என்று மாடத்தி கேட்டாள். டிசம்பர் பதினெட்டு என்றேன். உனக்கு விடுமுறை தொடங்கி, ரயில் வந்து சேரும் நாள் அது என்று அவளிடம் சொல்லவில்லை. விடியுமுன் தண்ணீர் மூன்றாம் படி வரை ஏறும், எட்டு மணிக்குள் வடிந்துவிடும் என்று வந்திருக்கிறது. எறணாகுளத்திலிருந்து முதல் படகில் வராதே, ஒன்பது மணிப் படகில் வா. போன இரண்டு விடுமுறைக்கும் வராததற்கு நீ சொன்ன காரணங்களை நான் சரிபார்க்கவில்லை, இனியும் பார்க்கமாட்டேன். துறையில் நிற்பேன். எங்கள் கணக்கு தப்பித் தண்ணீர் அப்போதும் நின்றால், தண்ணீரில் நிற்பேன்.

நன்றாக இரு.

அம்மா