தனுஷியாவின் பாடத்துக்கு நான் கொடுத்த பள்ளி

செங்கலடி
12.06.2024

அன்பின் அத்தானுக்கு,

நானும் மகளும் சுகம். கச்சான் காற்றுத்தான் ஆளைக் காய்ச்சி எடுக்கிறது. இதைப் போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவீர்கள். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். தனியே இருந்து வாசியுங்கள்.

வாவித் தண்ணீர் கடலுக்கு ஓட மணலை வெட்டி முகத்துவாரம் திறப்பதைப் பற்றி எட்டாம் வகுப்புக்கு ஓர் இணையப் பாடம் செய்ய உங்கள் அலுவலகம் கேட்டது. ஒன்றை என்னையும் இன்னொன்றை உங்களோடு வேலைசெய்யும் தனுஷியாவையும் செய்யச் சொன்னீர்கள். கூடுதலான பிள்ளைகள் எதை முடிக்கிறார்களோ அதுவே மாவட்டம் முழுதும் போகும் என்றீர்கள். பதினொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். எங்கள் வாவியைக் கண்ணாலும் காணாத கொழும்புப் பிள்ளையோடு என்னை ஏன் நிறுத்தினீர்கள்? அன்றிலிருந்து நீங்கள் எடுக்கிற போன் கோலில் எல்லாம் தனுஷியாதான். தனுஷியா கீறின படம், தனுஷியாவின் மூளை, தனுஷியா கொண்டுவந்த இடியப்பம். எனக்குப் பற்றி எரிந்தது. பொறாமைதான். வேறு பெயர் வைக்க மாட்டேன்.

பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் தந்தீர்கள். எந்தப் பள்ளிக்கு எந்தப் பாடம் என்று சீட்டுக் குலுக்கச் சொன்னீர்கள். நான் குலுக்கவில்லை. என்னுடையதை எங்கள் பள்ளிக்குக் கொடுத்தேன். அவளுடையதைப் பழுகாமத்துக்கு அங்கால், சிக்னல் விட்டு விட்டு வரும் பள்ளிக்குக் கொடுத்தேன். தெரிந்துதான் கொடுத்தேன். பள்ளிக்கு முப்பது பேரில் எனக்கு இருபத்தாறு பேர் முடித்தார்கள், அவளுக்கு ஏழு பேர். "கஜானி, நீ வெண்டிட்டாய்" என்று நீங்கள் சொன்ன அன்று இறால் வாங்கிப் பொரித்தேன்.

நேற்று, பாடத்தைப் போட்டுக் கொடுத்த டப்லெட்டுகளை எடுத்துவர அந்தப் பள்ளிக்குப் போனேன். மேனுகா என்றொரு பிள்ளை தன்னுடையதைத் தரமாட்டேன் என்று நின்றாள். "டீச்சர், நான் வெட்டினது பிந்திப்போச்சு, வட்டை வயலெல்லாம் வெள்ளத்தில தாண்டுபோச்சு. இன்னொருக்கா வெட்ட விடுங்களன்" என்றாள். தனுஷியாவின் பாடத்தில் என்றைக்கு வெட்டுவதென்று பிள்ளையே முடிவெடுக்க வேண்டும். முந்தினால் வாவி வற்றி மீன் போய்விடும், பிந்தினால் வயலுக்குள் வெள்ளம்.

வீட்டுக்கு வந்து பதிவுகளைத் திறந்து பார்த்தேன். சிக்னல் அறுந்து அறுந்து, அந்தப் பிள்ளை பதினான்கு தரம் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். என் பாடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பக்கத்தில் நான்கு செக்கன்கூட நிற்கவில்லை. வாசிக்காமலே அடுத்தது, அடுத்தது என்று அமுக்கி முடித்திருக்கிறார்கள். நான் படிப்பிக்கிற பிள்ளைகள், அத்தான். வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என் அறிக்கையை வைத்தால் அவளுடைய பாடத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வைக்காதீர்கள். பள்ளிகளை மாற்றிக் கொடுத்து மறுபடி பார்க்கிறேன். நான்தான் தோற்பேன், தெரியும். நடந்ததை என் பெயரைச் சொல்லியே அவளிடம் சொல்லுங்கள். கேட்டு அவள் அழுதால், நீங்கள் பக்கத்தில் போய்த் தேற்ற வேண்டாம். போனை அவள் கையில் கொடுங்கள். நான் தேற்றிக்கொள்கிறேன்.

உங்கள் மனைவி,
கஜானி