அப்பா மைக் பிடித்த கச்சேரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். இதை என் வார்த்தையாகவே எடுத்துக்கொள், உன் அப்பாவைக் கேட்டால் வேறு சொல்வார். நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் சுகம்தானே. தவழ ஆரம்பித்துவிட்டாளாமே, அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு நீ போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதே.

நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து உன் அப்பா வாசல் தாண்டுவதில்லை என்று புலம்பினேன் அல்லவா. "தாராளமா நடங்க, பேத்தியப் போய்ப் பாருங்க" என்று டாக்டரே சொல்லியும், மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடி நாற்காலியோடு நாற்காலியாகிவிட்டார். போன வாரம் உன் அத்தை ஊருக்குக் கிளம்பியபோது, "ரயிலேத்திவிட வரலன்னா இனிமே உன் வீட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்று தம்பியை மிரட்டித்தான் வெளியே கிளப்பினார். ஸ்டேஷனுக்குப் போனால், தண்டவாளத்தில் மழைத் தண்ணீர், ஒரு வண்டியும் ஓடவில்லை. காத்திருக்கும் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பெஞ்சில் ஒரு பெண் முகம்வரை போர்த்திப் படுத்திருந்தாள். "கால மடக்கும்மா, ஆபரேஷன் ஆனவர் உக்காரணும்" என்று அதட்டினேன். உடனே மடக்கிக்கொண்டாள்.

எதிரே ஒருவர், ஈரம் பட்டிருக்குமோ என்று வயலினை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார். பார்த்தால் டிவியில் வாசிப்பவர். இன்னும் கொஞ்சம் என்று எல்லோரும் கேட்க, அவர் வாசிக்க, டிக்கெட் வரிசையிலிருந்து ஒரு புல்லாங்குழல் சேர்ந்துகொண்டது. ஒரே விழாவுக்குக் கிளம்பி மாட்டிக்கொண்டவர்களாம். அப்புறம்தான் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த போர்வை விலகியது. பாடத் தொடங்கினாள் பார், நான் தினமும் சமைக்கும்போது போனில் கேட்கிறேனே, அதே குரல். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை எனக்கு. தவில் பார்சல் வண்டியில் இருக்கிறது என்று ஒருவர் அத்தையின் தகரப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுத் தட்ட, "உள்ள கண்ணாடிச் சாமான் தம்பி, மெதுவா" என்று அத்தை தாளத்துக்கு நடுவே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பின்னாலிருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றதும், ரயில் அறிவிப்புச் சொல்லும் பெண் தன் மைக்கை ஒயரோடு இழுத்துவந்து, கைக்கு எட்டிய ஆளிடம் கொடுத்தாள். அந்த ஆள் உன் அப்பா. குழலுக்கும் வயலினுக்கும் தகரப் பெட்டிக்கும் மாறி மாறி நீட்டிக்கொண்டு, மூட்டைகளைத் தாண்டித் தாண்டி நடந்தார். எனக்குப் பாட்டா காதில் ஏறும், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போதும் உட்காருங்கள் என்று சட்டையைப் பிடித்து இழுத்தால், "சும்மா இரு, மைக்ல உன் குரல்தான் கேக்குது" என்றார். கூடமே சிரித்தது. நடுவில் அறிவிப்புப் பெண் மைக்கை வாங்கி, வண்டி இன்னும் தாமதம் என்றாள். அதற்கும் கைதட்டினார்கள். பாட்டு முடிந்ததும் பாடகி, "இப்ப உக்காருங்கப்பா, கால மடக்கிட்டேன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாளே, அதை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே.

வண்டி வந்து அத்தையை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஆட்டோ வேண்டாம் என்று நடந்தே வந்தார். பாதி வழியில், பேத்தி புது ஆள் தூக்கினால் அழுவாளா என்று கேட்டார். அழுதால் என்ன, பழகிக்கொள்வாள் என்றேன். "அப்ப டிக்கெட் போடச் சொல்லு" என்றார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வேர்வை என்று நினைத்திருப்பார்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். இதைப் படித்த கையோடு டிக்கெட்டைப் போட்டுவிடு, அவர் மனசு மாறிவிடப் போகிறது.

வரப்போகிற சந்தோஷத்தில்,
உன் அம்மா