கம்பெனிக்கு ஒரு அர்ச்சனை

ஆடி வெள்ளி, ராத்திரி

சாயங்காலம் கோவில்பதாகை அம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினோம். குருக்கள் பெயர் கேட்டார். என் வீட்டுக்காரர், பத்து நிமிஷத்தில் வாசலுக்கே சாமான் கொண்டுவரும் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னார். எங்கள் சேமிப்பு முழுக்க அதன் ஷேரில்தான் இருக்கிறது.

"நட்சத்திரம்?"

"ரோகிணி சாமி. ஷேர் மார்க்கெட்டுக்கு வந்த அன்னிக்கு ரோகிணி."

குருக்கள் முகம் மாறவேயில்லை. பெற்ற பிள்ளைக்குச் சொல்வதுபோல அதன் பெயரையும் மந்திரத்தில் சேர்த்துச் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என்னை அறியாமல் கும்பிட்டேன்.

பிறகு தேங்காயை உடைத்தார். உள்ளே அத்தனையும் அழுகல். அதே கம்பெனியிடம் வாங்கிய தேங்காய்.

இவர் உடனே போனில் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார். மணிச்சத்தம் அடங்குவதற்குள் தேங்காய்க் காசு திரும்பி வந்துவிட்டது.

"பார்த்தியா! இதனாலதான் சொல்றேன், இன்னும் ஏறும்."

அபசகுனத்துக்கே காசு திரும்ப வருகிறது! குருக்கள் அந்தத் தேங்காயோடு தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, இவர் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்: "சார், இப்ப வாங்கலாமா?"

இவர் நிம்மதியாகத் தூங்குகிறார். நான் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவிவிட்டேன். கையில் அந்த வாடை இன்னும் போகவில்லை.