சத்து ஊசி

2024 ஜூன் 12, புதன்

உக்கடத்தில் பாலம் வேலை. பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்து, நான் வார்டுக்குள் நுழைந்தபோது கீமோ ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். என் ஆய்விலிருந்து போன வாரம் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். ஒருவர் சிகிச்சை வேண்டாமென்று ஊருக்குப் போய்விட்டார், இன்னொருவர் இறந்துவிட்டார். இரண்டையும் "விலகல்" என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. கைடு மேடம் போனில் சொன்னார்: "பிரத்யுஷா, இந்த மாசத்துக்குள்ள ஆள் சேரலைன்னா உங்க பிஎச்டி அடுத்த வருஷத்துக்குப் போயிரும். காலேஜ்ல ப்ரமோஷனும் அதோட போயிரும்."

இன்று ஒருவரைச் சேர்த்துவிட்டேன். ராசாத்தாள். தாராபுரத்துப் பக்கம் தோட்டம். சினைப்பையில் புற்றுநோய், வயிறெல்லாம் பரவியிருக்கிறது. மகன் கிருபாசங்கர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். என்னை லிப்ட் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மேடம், அம்மாகிட்ட கேன்சருன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. வவுத்துல கட்டி, அதுக்கு சத்து ஊசி போடறாங்கன்னு சொல்லி வெச்சிருக்கறோம். தெரிஞ்சா அன்னைக்கே படுத்துக்குவாங்க."

கீமோவுக்கு முன்னால் மூச்சுப் பயிற்சியும், ஒரு நர்சுடன் மனம்விட்டுப் பேச நேரமும் கிடைத்தால் புற்றுநோயாளியின் மனம் தேறுகிறதா என்பதுதான் என் ஆய்வு. தன் நோய் என்னவென்று தெரிந்தவரைத்தான் சேர்க்க வேண்டும். நானே எழுதிய விதி. தெரிந்தும் "சரிங்க" என்றேன். ஒப்புதல் தாளை அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போனேன். உதவிக்கு நின்ற, எங்கள் நர்சிங் கல்லூரி மூன்றாமாண்டு மாணவி கயல்விழி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 13

குடும்பம் கேட்டதைத்தானே செய்தேன். எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதானே. பிறகு எதற்கு இதை இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்?

ஜூலை 3, புதன்

ராசாத்தாளுக்கு இரண்டாவது கீமோ. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடுகிறது. "உங்ககூடப் பேசிட்டிருந்தா நோவே தெரியறதில்லீங்க அம்மணி" என்கிறார். மனநலக் கேள்விகளை வாசித்தால், எதைச் சொன்னால் எனக்குப் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே பதில் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண்.

மருமகள் கீதா தூக்குப்போசியைத் திறந்து ரசஞ்சோறு போட்டாள். ராசாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கேன்டீன்ல இட்லி வாங்கியாறச் சொல்லுங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொல்வதாக நினைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவ கையில தின்னாத்தானுங்க வாந்தி வருது. தலையில சீப்பு வெச்சா மசுரு கொத்தோட வருது. சோத்துல என்னத்தையோ போடறா. நான் போயிட்டா தோட்டம் அவளுக்குத்தானுங்களே."

கீதா போசியை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

நான் என்ன சொன்னேன்? "அப்படியெல்லாம் நினைக்காதீங்கம்மா, மூச்சை நல்லா இழுங்க" என்றேன். வீட்டுக்கு வந்து எண்களைக் கணினியில் ஏற்றினால் கோடு மேலே போகிறது. சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 10

மூன்றாமாண்டு வகுப்பு. நோயைப் பற்றி நோயாளியிடம் எப்படிப் பேசுவது. முதலில் உட்காருங்கள், தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேளுங்கள், பிறகு எளிய வார்த்தையில் சொல்லுங்கள், சொன்ன பிறகு எழுந்து ஓடாதீர்கள். வகுப்பு நன்றாகப் போனது. கடைசியில் கயல்விழி எழுந்தாள்.

"மேம், வீட்டுக்காரங்க சொல்லக்கூடாதுன்னா என்னங்க பண்றது?"

"வீட்டுக்காரங்களோட பயத்தைப் பேசித் தீர்க்கணும். நோயாளிகிட்டப் பொய் சொல்லக்கூடாது."

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் திட்டியிருக்கலாம். உண்மையாகவே எழுதிக்கொண்டாள்.

ஜூலை 24, புதன்

மூன்றாவது கீமோ. ராசாத்தாள் மெலிந்துவிட்டார், வயிறு மட்டும் இருக்கிறது. தலையில் துண்டு. இன்று நேரடியாகவே கேட்டார்.

"அம்மணி, நீங்க படிச்சவங்க. எனக்கு என்ன நோவுங்க? சத்து ஊசின்னா ஒடம்பு தேறோணுமில்லீங்களா? ஏன் மசுரு கொட்டுது?"

கேட்டுவிட்டார். கதவு தானாகத் திறந்தது. வெறும் "சொல்றேங்க" போதும். மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கலாம். டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம்.

"வெயில் சூடுங்கம்மா. சத்துக் குறைவு. சரியாயிரும்."

நானே சொன்னேன். கீதா அங்கேதான் நின்றாள். சத்துக் குறைவென்றால் சோறு போடுகிறவள்மேல்தானே பழி வரும் — அது எனக்கு வாய் மூடிய பிறகுதான் உறைத்தது. இல்லை, பொய். முன்பே உறைத்தது.

பிறகு கை கழுவும் இடத்தில் கீதா போசியைக் கழுவிக்கொண்டே அழுதாள். பக்கத்தில் கயல்விழி குழாயைத் திறந்துவிட்டபடி நின்றாள், அழுகை வெளியே கேட்காமல் இருக்கட்டும் என்றுபோல. நான் வேறு வழியாகச் சுற்றிப் போனேன்.

ஜூலை 25

ராசாத்தாளுக்கு வாந்தி நிற்கவில்லை, பிரஷரும் இறங்கிவிட்டது என்று நேற்று வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். காலையில் நான் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம். "என்னக் கொல்லப் பாக்கறா" என்று அந்த அம்மாளின் குரல். திரை இடுக்கில் தெரிந்தது: கீதாவின் புடவையெல்லாம் கஞ்சி. கயல்விழி படுக்கையைத் துடைத்து முடித்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நானொண்ணு கேக்கட்டுங்களா? உங்க நோவு என்னன்னு தெரிஞ்சுக்கோணும்னு இருக்குதுங்களா?"

"தெரியாமத்தான கண்ணு இப்படிக் கெடந்து சாவறேன்."

"அக்கா சோத்துல ஒண்ணும் போடலீங்கம்மா. உங்களுக்கு வந்திருக்கறது கேன்சருங்க. நீங்க போட்டுக்கறது அதுக்கான மருந்து. அதுலதானுங்க வாந்தி வருது, முடி கொட்டுது."

நான் சொல்லிக்கொடுத்த அதே வரிசை. சொன்ன பிறகு எழுந்து ஓடவும் இல்லை. நான் திரைக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. யாரோ சொல்லிவிட்டார்களே என்ற நிம்மதி. ச்சே.

அந்த அம்மாள் கீதாவின் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் கிருபாசங்கர் வந்தார். வார்டே அதிர்ந்தது. "யாரக் கேட்டுங்க சொன்னீங்க? எங்கம்மா செத்தா நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?" கயல்விழி கைகட்டி நின்றாள். புகார் கல்லூரிக்குப் போய்விட்டது.

ஜூலை 26, வெள்ளி

பிரின்சிபால் அறை. கயல்விழி ஓரமாக நின்றாள். எனக்கு நாற்காலி.

"பேஷண்ட் உங்க ஸ்டடியில இருக்காங்க. அவங்களுக்கு டயக்னோசிஸ் தெரியாதுங்கறது உங்களுக்குத் தெரியுமா பிரத்யுஷா?"

தெரியும் என்றால் ஆய்வு போச்சு. பிஎச்டி போச்சு. அவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டது மனசு.

"தெரிஞ்சவங்கன்னு நினைச்சுத்தான் சேர்த்தேன் மேடம்."

"ஸ்டூடண்ட் சொல்லும்போது நீங்க இருந்தீங்களா?"

"இல்லீங்க மேடம்."

கயல்விழி மறுத்துப் பேசுவாள் என்று காத்திருந்தேன். ஒப்புதல் தாளை நான் வாசித்தபோது பக்கத்தில் நின்றவள். அவள் பேசவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை, தரையைப் பார்த்தாள். அனுமதியில்லாமல் நோயாளியிடம் பேசியதற்காக அவளுக்கு வார்டுப் பயிற்சி நிறுத்தம். பெற்றோர் வர வேண்டும்.

ஜூலை 27

"ஏமய்யிந்தி?" என்று யஷ்வந்த் தெலுங்கில் கேட்டுக்கொண்டே இருக்கிறான், என்ன ஆச்சென்று. தலைவலி என்றேன். கட்டின கணவனிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 30

கயல்விழியின் அப்பா பாலுசாமி கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்திருந்தார். வாழைத் தோட்டக்காரர். வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. பிரின்சிபால் அறையிலிருந்து வெளியே வந்தவர் நேராக என்னிடம் வந்து கும்பிட்டார்.

"நீங்கதானுங்களே பிரத்யுஷா மேடம்? புள்ள உங்களப் பத்தி நெறையச் சொல்லியிருக்குதுங்க. நீங்க சொல்லிக்குடுத்தாப்ல நர்சாகோணும்னுட்டே இருப்பா. ஏதோ சின்னப்புள்ள, தப்புப் பண்ணிப்போட்டா. நீங்க நாலு வார்த்தை எடுத்துச் சொன்னா மேல இருக்கறவங்க கேப்பாங்க."

"பார்க்கறேங்க" என்றேன். அவர் மறுபடியும் கும்பிட்டார். கயல்விழி தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழக்கூட வரலை. எந்த மூஞ்சிய வெச்சுட்டு அழறது?

ஆகஸ்ட் 14, புதன்

ராசாத்தாள் இனி வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். வரமாட்டார் என்று விரும்பினேன் என்பதுதான் சரி. வந்திருந்தார். கட்டிலில் உட்கார்ந்து கீதா போட்ட சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உப்புப் பத்தல" என்று மருமகளைத் திட்டினார். கீதா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

கிருபாசங்கர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. கீதாதான் சொன்னாள்: "ரெண்டு நாள் செவுத்தப் பாத்துப் படுத்துட்டிருந்தாங்க. மூணாம் நாள் எந்திரிச்சு, ரசம் வெச்சுத் தா கண்ணுன்னாங்க. கலியாணமாகி வந்ததுல இருந்து என்னக் கண்ணுன்னு கூப்புட்டதில்லீங்க."

ராசாத்தாள் என்னை உட்காரச் சொன்னார்.

"அந்தப் புள்ள எங்கீங்க? வந்ததுல இருந்து தேடறேன்."

"லீவுல இருக்காங்க" என்றேன். மறுபடியும் பொய்.

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"உங்களுக்கு மொதல்லயே தெரியுமுங்களே அம்மணி?"

தலையாட்டினேன்.

"நான் இவளத் திட்டுனப்பெல்லாம் நீங்க பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தீங்க."

நான் இன்றைக்குக் கேள்விகள் கேட்கவில்லை. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15

விடுமுறை. யஷ்வந்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திட்டவில்லை. "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பிரின்சிபால் அறைக்குப் போனேன். நாற்காலியைக் காட்டினார், உட்காரவில்லை. மகன் கேட்டது, வாசிக்கும்போது நான் தாண்டிய சொல், வெயில் சூடு என்று சொன்னது, திரைக்கு வெளியே நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். எங்கேயும் "ஆனால்" போடக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போயும் இரண்டு இடத்தில் போட்டுவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் பிள்ளையோட அப்பா என் முன்னாடி கைகட்டி நின்னிருக்க வேண்டாம்" என்றார். பிறகு, "எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 28

ஆய்வு நிறுத்தம். நெறிமுறைக் குழு என்னைக் கூப்பிட்டுக் கேட்டது. சேகரித்த எதையும் பயன்படுத்தக் கூடாது. எனக்கு மெமோ. வார்டு மேற்பார்வையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள், முதலாமாண்டுக்குப் படுக்கை விரிப்பது சொல்லிக்கொடுக்கப் போகிறேன். ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. யாஸ்மின் மட்டும் டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தினாள்.

கயல்விழிக்கு நிறுத்தம் ரத்து. விட்டுப்போன பயிற்சி நாட்களை விடுமுறையில் செய்து முடிக்க வேண்டும். என் தவறுக்கு அவள் விடுமுறை. காரிடாரில் அவளை நிறுத்தினேன்.

"கயல், என்னை மன்னிச்சிரு. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"சரிங்க மேம்."

நகர்ந்தவள் நின்றாள். "அப்பா ஊருக்குப் போறவரைக்கும் பஸ்ல உங்களை நல்லவங்க நல்லவங்கன்னு சொல்லிட்டே வந்தாருங்க. நான் ஒண்ணும் சொல்லலீங்க."

போய்விட்டாள். மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

முந்தாநாள் கீதா போன் செய்தாள். "அத்தை போயிட்டாங்கக்கா. ஊட்டுலயேதான். நோவில்லாமத்தான் போனாங்க."

போகலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இன்று தாராபுரம் பஸ் ஏறினேன். அங்கிருந்து மினி பஸ், பிறகு தென்னந்தோப்புக்குள் நடை. வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. கிருபாசங்கர் மொட்டைத் தலையுடன் எழுந்து வந்து, "வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். போதும்.

கீதா என்னை உள்ளே கூட்டிப்போய்ப் பெண்களோடு உட்காரவைத்தாள். பொங்கலுக்கு ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தபோது ராசாத்தாள் சேரைக் கொண்டுவரச் சொல்லி நடுவாசலில் உட்கார்ந்தாராம். மருமகளைப் பற்றித் தான் ஊரெல்லாம் சொன்னது பொய் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம். "நான் வேண்டாமுங்கத்தைன்னேன். கேக்கலீங்கக்கா. எனக்கு நாளில்ல கண்ணு, சொல்லிப்போடறேன்னாங்க." சொல்லும்போது கீதாவின் கண் கலங்கியது. நாள் இல்லை என்று தெரிந்ததால் செய்த காரியம். நான் நினைத்தபடி நடந்திருந்தால் அந்த நாள் வந்தே இருக்காது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நெருங்கி வந்தார்.

"ஏனுங்க அம்மணி, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில இருந்துங்களா? ராசாத்தாகிட்ட நெசத்தச் சொன்ன நர்சு நீங்கதானுங்களா?"

நாலைந்து பேர் திரும்பினார்கள். கீதா என்னைப் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் ஆட்டியிருந்தால் முடிந்துபோயிருக்கும்.

"இல்லீங்க. அது கயல்விழி, எங்க காலேஜ்ல படிக்கற பொண்ணு. கோபிச்செட்டிபாளையத்துப் புள்ளைங்க. நான் சொல்லாம இருந்தவளுங்க."

பெரியம்மாவுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

"கயல்விழி" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு பாயில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.