ஊசி போடாத கோழி

12-11-79, திங்கள்

காலையிலிருந்து தூறல். இரண்டு முறை கரண்ட் போச்சு. பிரிட்ஜில் ஐஸ் தாங்கியது, பிழைத்தேன்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் புதுச்சேரியிலிருந்து வருகிறார். கோழிக்கழிச்சலுக்கு நான் உண்டாக்கிய ரத்தப் பரிசோதனை தேறினால் பாகூர் கொம்யூன் ஊர்கள் முழுக்க எடுக்கலாம். தேறாவிட்டால் அறைக்குப் பூட்டு, நான் பழையபடி மாட்டு ஆஸ்பத்திரிக்கு.

அட்டெண்டர் முருகையனுக்கு மறுபடி விளக்கம். தட்டின் குழியில் சிவப்பாய்ப் பொட்டு விழுந்தால் கோழி ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கு. பரவிக் கிடந்தால் இல்லை. தடுப்பு மருந்தே காணாத கோழிக்குப் பொட்டு விழுந்தால் நோய் வந்து போயிருக்கு.

"அப்ப பொட்டு வெச்சதெல்லாம் சுமங்கலிம்மா."

வாங்க: பஞ்சு, ஸ்பிரிட், குடை. தேட: மருந்தும் நோயும் காணாத கோழி, ஒப்பிட்டுப் பார்க்க.

13-11, செவ்வாய்

நல்ல வெயில். ஒதியம்பட்டு, மளிகைக்கடை மைமூன் அக்கா வீடு. நாலு விடைக்கோழி.

"ஊசி போட்டீங்களாக்கா?"

"ஒரு ஊசியும் போடல டாக்டரம்மா. நோவும் வந்ததில்ல."

இறக்கை நரம்பில் ரத்தம் எடுத்தாச்சு. புதுப் புடவையில் எச்சம்.

மாலை: நாலுக்கும் பொட்டு. அச்சடித்த மாதிரி.

ஊசியும் இல்லை, நோயும் இல்லை என்றால் பரிசோதனைதான் பொய். சோறு இறங்கவில்லை. கொஞ்சம் அழுதேன்.

14-11, புதன்

திரும்பச் செய்தேன். அதே பொட்டு. முருகையன்: "நாலும் தீர்க்க சுமங்கலிம்மா." அடிக்கப் போனேன்.

புது ரத்தம் எடுக்க மறுபடி ஒதியம்பட்டு. கோழி போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. மைமூன் அக்கா கோழியை அதட்டுகிறார்:

"இன்னாடி இந்தக் கத்து கத்துற! மூக்குல சொட்டு வுட்டப்பகூட இப்டி கத்தலியே!"

என்ன சொட்டு?

"கழிச்சலுக்குத்தாம்மா. ஆஸ்பத்திரிக்காரங்க வந்து வுட்டாங்க. நீங்க ஊசியாதானே கேட்டீங்க?"

ஊசியைத்தான் கேட்டேன். தடுப்பு மருந்து என்றாலே இங்கே எல்லார் வாயிலும் ஊசி, என் வாயிலும். பரிசோதனை ஒழுங்காய்த்தான் சொல்லியிருக்கு, கேள்விதான் கோணல். அக்காவைக் கட்டிக்கொண்டேன், நடுவில் கோழி.

15-11, வியாழன்

குருவிநத்தம். புதுக் கேள்வி: கோழிக்கு மருந்துன்னு இன்னா குடுத்தீங்க? சின்ன வெங்காயம். மிளகு. மஞ்சள். ஒரு வீட்டில் திருநீறு. அரசாங்க மருந்து யாரும் கண்ணால் பார்க்கவில்லை, சொட்டு உட்பட.

மாலை: ஒரு பொட்டுகூட இல்லை! ராத்திரி தோசை இரண்டு அதிகம்.

16-11, வெள்ளி

பெரிய டாக்டர் பெயர் எழுதாத ரத்தக் குழாய்களாய்க் கொண்டுவந்து நீட்டினார். எதிர்ப்பு எதில் உண்டு, எதில் இல்லை, தட்டில் போட்டுப் பார்த்து நான் சொல்லச் சொல்ல அவர் சீட்டைப் பார்த்துத் தலையாட்டினார். கடைசிக் குழாய்க்கு ஆட்டவில்லை. பெரிய பொட்டு அது.

"இது எங்க வீட்டுக் கோழி. பொரிச்ச நாள்ல இருந்து எங்ககிட்டதான் இருக்கு. ஊசியும் போடல, நோயும் வரல. உங்க டெஸ்ட் தப்பும்மா."

மேலதிகாரிதான். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"டெஸ்ட் தப்பில்ல சார். மூக்குல சொட்டு விட்டாங்களான்னு வீட்ல கேளுங்க."



பக்கத்து ரைஸ்மில்லில்தான் போன். மெஷின் இரைச்சலில் அவர் "சொட்டு! சொட்டு!" என்று கத்த, மூட்டை தூக்குகிறவர்கள் கூரை ஒழுகுதா என்று அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு வெகுநேரம் அவர் வீட்டம்மாள் பேச, அவர் கேட்டபடி நின்றார்.

போனை வைத்தார்.

"விட்டாளாம். பாகூர் எப்ப ஆரம்பிக்கிறீங்க?"